செட் ஆயிடும் சார்!

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு அதிக தடவை சொல்லப்படுகிற பொய் எது தெரியுமா? மேடையில் சொல்வதையெல்லாம் விடுங்கள். அது ஒர்க்‌ஷாப் வாசலில், ஆயில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொல்லப்படுவது.

''கொஞ்சம் ஓட்டுங்க சார்... செட் ஆயிடும்!''

இன்ஜினை இறக்கி, ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ அழுதுவிட்டு வண்டியை வெளியே எடுத்திருப்பீர்கள். புகை இல்லை. சத்தம் இல்லை. சூடு ஏறவில்லை. எல்லாம் சுபம். ஆனால், பெட்ரோல் முள் மட்டும் சாயங்கால வெயில் மாதிரி மளமளவென்று இறங்குகிறது. 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 12 கொடுக்கிறது. போன் போடுகிறீர்கள். இதற்கென்றே ஒரு பதில் வரிசை இருக்கிறது. ஊர் ஊராக நான் கேட்டதுதான், வரிசை மாறுவதே இல்லை.

முதல் வாரம்: ''புது வேலை சார், செட் ஆகணும்.''

இரண்டாவது வாரம்: ''பெட்ரோல் சரியில்லை சார். பங்க்கை மாத்திப் பாருங்க.''

மூன்றாவது வாரம்: ''எல்லாம் இந்த இ-20 பெட்ரோல் வந்ததிலிருந்துதான் சார். யாரு வண்டிதான் மைலேஜ் கொடுக்குது?''

ஒரு மாதம் கழித்து: ''நீங்க மிதிக்கிறீங்க சார்.''

இரண்டு மாதம் கழித்து: ''வண்டிக்கு வயசாயிடுச்சு சார். நல்ல விலை வந்தா தள்ளி விட்டுடுங்க!''

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம், பங்க், பெட்ரோல், உங்கள் கால், வண்டியின் வயசு என எல்லாமே கோணல். வேலை மட்டும் நேர்!

நான் சொல்ல வருவது இதுதான். ரிப்பேருக்கு முன்னால் ஒழுங்காக மைலேஜ் கொடுத்த வண்டி, ரிப்பேருக்குப் பின்னால் கொடுக்கவில்லை என்றால், அது வண்டியின் தலையெழுத்து இல்லை. பெரும்பாலும் அது முடிக்காமல் விட்ட வேலை. தேடினால் கிடைக்கிற குறை. யாரும் தேடுவதில்லை. ஏன் தேடுவதில்லை என்பதில்தான் எனக்குச் சண்டை. அந்தச் சண்டை மெக்கானிக்கோடு மட்டும் இல்லை, கம்பெனியோடும் உங்களோடும்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. நான் பி.காம். படித்தவன். எனக்கு எதையும் ரூபாயில் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 16 கொடுத்தால் சுமார் 94 லிட்டர். 12 கொடுத்தால் 125 லிட்டர். வித்தியாசம் 31 லிட்டருக்கு மேல். மாதம் 3,100 ரூபாய். வருஷத்துக்கு 37,500 ரூபாய்! நீங்கள் செய்த இன்ஜின் வேலையின் பில்லை வருஷா வருஷம் இன்னொரு தடவை பங்க்கில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ரசீது இல்லாமல்.

''நாலு கிலோமீட்டர்தானே சார் குறைஞ்சிருக்கு'' என்பார்கள். இந்த 'தானே'வில் ஒரு சூது இருக்கிறது. 20 கொடுத்த வண்டி 18 ஆனால், 1,000 கிலோமீட்டருக்குக் கூடுதலாகச் செலவாவது ஐந்தரை லிட்டர். 10 கொடுத்த வண்டி 8 ஆனால், அதே 1,000 கிலோமீட்டருக்கு 25 லிட்டர்! இரண்டிலும் குறைந்தது 'இரண்டே இரண்டு'தான். அதனால், இனிமேல் எத்தனை கிலோமீட்டர் குறைந்தது என்று கேட்காதீர்கள். மாதத்துக்கு எத்தனை லிட்டர் கூடியது என்று கேளுங்கள். தூக்கம் வராது.

சரி, அந்தப் பதில் வரிசையை ஒவ்வொன்றாகப் பிரித்து மேயலாம்.

'செட் ஆகணும்' என்பது முழுப் பொய் இல்லை, அரைப் பொய். அதனால்தான் அது இத்தனை வருஷமாக உயிரோடு இருக்கிறது. புது பிஸ்டன் ரிங் போட்டிருந்தால், அது சிலிண்டர் சுவரோடு ஒத்துப்போக சில நூறு கிலோமீட்டர் ஆகும். ஆயிரம் வரைகூட வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி வயரைக் கழற்றியிருந்தால், வண்டியின் கம்ப்யூட்டர் தான் கற்று வைத்திருந்ததை மறந்து, மறுபடி கற்றுக்கொள்ள சில நாள் ஆகும். இது இரண்டும் நிஜம். ஆனால், உங்கள் வண்டியில் ரிங்கே மாற்றவில்லை, கேஸ்கெட் மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள் என்றால், என்ன செட் ஆக வேண்டும்? கேஸ்கெட் என்ன புது மருமகளா, வீட்டோடு பழகுவதற்கு? 'எது செட் ஆகணும், எத்தனை கிலோமீட்டரில் ஆகும்?' என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் எண்ணைச் சொல்வார். தெரியாதவர் டீ சொல்வார்.

அடுத்து, இ-20. இது புது சாக்கு, வசதியான சாக்கு. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் 20 சதவிகிதம் எத்தனால் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எவ்வளவு? நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, இதற்கென்று வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவிகிதம் வரை என்று இருக்கிறது. நம் வண்டி 16-லிருந்து 12-க்கு வந்தது. அது 25 சதவிகிதம்! ஆறேழு சதவிகித மூட்டையை எத்தனால் தலையில் ஏற்றலாம். மீதி மூட்டை யார் தலையில்? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முந்தின வாரமும் இதே பங்க்கில் இதே இ-20தானே போட்டீர்கள்? அப்போது 16 கொடுத்ததே, எப்படி?

உங்கள் கால்? அது ஒரு மாதத்தில் கனம் கூடிவிடுமா என்ன? வண்டிக்கு வயசு? ஜூன் மாதம் இளமையாக இருந்த வண்டி ஜூலையில் கிழவியாகிவிடுமா?

இங்கேதான் எங்கள் காமர்ஸ் பாடம் ஒன்று உதவிக்கு வருகிறது. நேற்று வரை டாலி ஆன ட்ரயல் பேலன்ஸ் இன்றைக்கு டாலி ஆகவில்லை. என்ன செய்வோம்? ஐந்து வருஷத்துக்கு முந்தைய லெட்ஜரையா புரட்டுவோம்? நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் போட்ட என்ட்ரிகளைத்தான் முதலில் பார்ப்போம். காருக்கும் அதே விதிதான். கை பட்ட இடத்தில் தேடு! எதையெல்லாம் கழற்றினார்கள், எதையெல்லாம் திரும்ப மாட்டினார்கள், எதை மாட்டாமலே விட்டார்கள்... குற்றவாளி பெரும்பாலும் அந்த லிஸ்ட்டுக்குள்தான் இருக்கிறான்.

லிஸ்ட்டில் முதல் பெயர், தெர்மோஸ்டாட்.

இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன வால்வு. சில நூறு ரூபாய் சமாசாரம். இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் மூடியே இருக்கும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், சுமார் 80 முதல் 90 டிகிரி வந்ததும் திறக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால், நம் ஊரில் ஒரு வேதவாக்கு இருக்கிறது: ''நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எல்லாம் தேவையில்ல சார். அது ஃபாரின்காரனுக்கு. கழட்டிப் போட்டுட்டேன், இனிமே உங்க வண்டி ஹீட்டே ஆகாது!''

ஆகாதுதான். ஆகவே ஆகாது. அதுதான் பிரச்னையே! இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சூட்டில் ஓடத்தான் செய்யப்பட்டிருக்கிறது. பைபாஸில் 80-ல் போகும்போது காற்று ரேடியேட்டரை ஊதி ஊதித் தள்ள, சூடு அறுபது, அறுபத்தைந்து டிகிரியிலேயே நின்றுவிடும். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? 'பாவம், இன்ஜின் இன்னும் குளிரில் இருக்கிறது' என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். பழைய காரில் காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்வோமே, அந்தச் சோக்கை இழுத்த கையோடு மதுரைக்குப் போனால் எப்படியிருக்கும்? அப்படி. பெட்ரோல் மட்டும் போவதில்லை. குளிர்ந்த இன்ஜினில் எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலக்கும், இன்ஜினும் சீக்கிரம் தேயும். இதைச் செய்துவிட்டு 'உங்களுக்கு நல்லதுதான் பண்ணேன்' என்கிறார்கள். ஜுரம் வரக் கூடாது என்று ஆளையே ஃபிரிட்ஜில் வைக்கிற வைத்தியம்!

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. சொந்தமாகப் பழைய பெட்ரோல் கார் வைத்து கால்டாக்ஸி ஓட்டுகிறார். மாதம் 3,000 கிலோமீட்டர். ஹெட் வேலை பார்க்க விட்ட வண்டி, ஒரு மாதம் மழையில் ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்தது. வெளியே வந்ததும் 16 கொடுத்தது 12 ஆனது. மாதத்துக்கு 6,250 ரூபாய் கூடுதல் பெட்ரோல். அவருடைய வீட்டு வாடகையில் பாதி அது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டார். பிளக் மாற்றினார்கள். குறையவில்லை. இன்ஜெக்டர் மாற்றினார்கள். குறையவில்லை. பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். 22,000 ரூபாய் போனது. மைலேஜ் மட்டும் அப்படியே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது.

கடைசியில் வேறு ஒரு பெரியவர், சின்ன ஷெட் வைத்திருப்பவர், கருவியை மாட்டி கூலன்ட் சூட்டைப் பார்த்தார். அரை மணி நேரம் ஓட்டியும் 64 டிகிரி. திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று! புதுசு போட்டார்கள். 14-க்கு ஏறியது. 'அதான் கிடைச்சிருச்சே' என்று பெரியவர் விடவில்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்லி, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டினார். முன்பக்கம் ஒரு சக்கரம் அனலாகக் கொதித்தது. மழையில் கிடந்ததில் பிரேக் காலிப்பர் துருப்பிடித்து, பிரேக் முழுசாக விடவில்லை. அதையும் சரிசெய்த பிறகு பழைய 16. மொத்தச் செலவு முந்தைய 22,000-த்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, குற்றவாளி ஒருவனாகத்தான் இருப்பான் என்று தேடினால் மாட்ட மாட்டான். இரண்டு, முதல் ஆள் பொருளை மாற்றினார், இரண்டாவது ஆள் அளந்து பார்த்தார். நான் இத்தனை பக்கம் எழுதுவது இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான்.

லிஸ்ட்டில் இன்னும் சில பெயர்கள் உண்டு. உங்கள் மெக்கானிக்கிடம் கேட்பதற்கு வசதியாக எழுதிவிடுகிறேன்.

கூலன்ட் சூட்டைப் பார்க்கிற சென்சார். அதன் வயரை மாட்ட மறந்தாலோ, சென்சார் தப்பாகச் சொன்னாலோ தெர்மோஸ்டாட் இல்லாத கதைதான். இன்ஜின் சூடாக இருக்கும். கம்ப்யூட்டர் குளிர் என்று நம்பும்.

ஆக்ஸிஜன் சென்சார். புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று பார்த்து கம்ப்யூட்டருக்குக் கோள் சொல்கிற ஆள். கேஸ்கெட் போய் கூலன்ட் எரிந்த வண்டிகளில் இது அழுக்கேறிச் சாகும். மெக்கானிக் தாராளமாகப் பிதுக்கிப் பூசுகிற சிலிகான் பேஸ்ட்டில் சில வகைகளின் ஆவியே இதற்கு விஷம். இன்னொன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றினால் இதையும் கழற்றியாக வேண்டும். பழசையே திரும்ப மாட்டி, மயிரிழை ஓட்டை விழுந்தால் அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அதைப் பார்த்து, 'ஐயோ, காற்று அதிகம், பெட்ரோல் கம்மி' என்று கத்தும். கம்ப்யூட்டர் நம்பி ஊற்றும். சென்சார் நல்லது, கம்ப்யூட்டர் நல்லது, இன்ஜெக்டரும் நல்லது. ஐம்பது, நூறு ரூபாய் மிச்சம்பிடித்த புத்திதான் கெட்டது.

டைமிங் பெல்ட். ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும். ஆனால் இழுவை இருக்காது. நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள். பிறகு 'நீங்க மிதிக்கிறீங்க சார்' என்று உங்கள் மேலேயே பழி!

கிளட்ச். இன்ஜினை இறக்கி ஏற்றியவர்கள் கிளட்ச் கேபிளை ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்யவில்லை என்றால் அது வழுக்கும். இன்ஜின் சுற்றும், சக்கரம் சுற்றாது.

இன்ஜின் ஆயில். கையேட்டில் 5 டபிள்யூ 30 என்று போட்டிருக்கும். 'நம்ம வெயிலுக்கு திக்கா இருக்கணும் சார்' என்று 20 டபிள்யூ 50 ஊற்றுவார்கள். மறுபடியும் வெயில்! இன்ஜின் அந்தக் கூழைக் கடைந்துகொண்டே ஓட வேண்டும். இதில் போவது சில சதவிகிதம்தான். ஆனால், சில சதவிகிதங்கள் சேர்ந்துதான் 25 ஆகிறது.

இன்ஜெக்டர் ஓ-ரிங், கழன்று கிடக்கிற வேக்குவம் ஹோஸ், பழைய இன்ஜின் ஆயில் குடித்ததால் அடைத்துப்போன கேட்டலிடிக் கன்வெர்ட்டர்... போதும். டீசல் வண்டி என்றால் இன்னொன்று: பல வண்டிகளில் இன்ஜெக்டரை மாற்றினால், அதன் மேல் இருக்கிற எண்ணை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றினீர்களா என்று கேளுங்கள்.

'இதையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்க யாருக்கு சார் நேரம்?' என்றால், பிரிக்கவே வேண்டாம்! கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் வந்த பெரும்பாலான கார்களில், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் மாட்டுகிற ப்ளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. செல்போனில் தெரியும். அதில் 'ஃபியூயல் ட்ரிம்' என்று ஒரு கணக்கு வரும். எங்கள் பாஷையில் அது சஸ்பென்ஸ் அக்கவுன்ட்! நிர்ணயித்த அளவைவிட எத்தனை சதவிகிதம் பெட்ரோலைக் கூட்டி அல்லது குறைத்து கம்ப்யூட்டர் சமாளிக்கிறது என்று காட்டும். பூஜ்யத்தைச் சுற்றி ஐந்துக்குள் ஆடினால் பயமில்லை. எப்போதும் பத்துக்கு மேல் நின்றால் எங்கேயோ ஓட்டை. கூட்டல் பக்கம் என்றால் காற்று கசிகிறதா, பெட்ரோல் அழுத்தம் போதவில்லையா, சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்கணும். கழித்தல் பக்கம் என்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்கணும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி பி 0128 என்ற கோடை எழுதி வைத்துவிட்டு எப்போது யாராவது படிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்கலாம். கார் வாய் திறந்து சொல்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஏன் இல்லை? இதுதான் பெரிய கேள்வி.

மெக்கானிக்கைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அவரை அப்படி ஆக்கியது யார்? சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். நாம்தான்!

பில்லில் 'பார்ட்ஸ் 12,000' என்று இருந்தால் வாயைத் திறக்காமல் கொடுக்கிறோம். 'லேபர் 3,000' என்று இருந்தால், 'ஒரு நாள் வேலைக்கு மூவாயிரமா? ஐநூறு குறைச்சுக்கோப்பா' என்கிறோம். 'என்ன கோளாறுன்னு பார்த்ததுக்கு 800' என்று எழுதினால்? 'சும்மா பார்த்ததுக்கு காசா!' என்று சண்டைக்கே போகிறோம். டாக்டர் நாடியைப் பார்த்து, 'உங்களுக்கு ஒண்ணுமில்லை' என்று சொன்னாலும் ஃபீஸ் கொடுக்கிற நாம், காரின் நாடியைப் பார்த்தவனுக்குக் காசு தர மாட்டோம். அவர் என்ன செய்வார்? எதற்குக் காசு கிடைக்கிறதோ, அதைத்தான் விற்பார். மூளைக்குக் கூலி இல்லை, பொருளுக்கு லாபம் உண்டு. அதனால் பொருளை மாற்றுகிறார். இது திருட்டுப் புத்தி இல்லை சார், வியாபாரம். நாம் எழுதிக் கொடுத்த வியாபாரம்.

சரி, 'ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டருக்குப் போயிட்டா?' அங்கே ஏ.சி. ரூம் உண்டு, காபி உண்டு, கருவி உண்டு. ஆனால், பல இடங்களில் கருவியைக் காட்டிலும் 'பேக்கேஜ்' மேல்தான் கண். மைலேஜ் குறைவு என்றதும், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், டீகார்பனைசிங் என்று கல்யாண மெனு மாதிரி நீட்டுவார்கள். 'என் வண்டியில் என்ன குறை என்று அளந்தீர்கள்?' என்று கேட்டால், டை கட்டின தம்பி உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வருவார். ஷெட்டில் அழுக்குக் கையோடு செய்கிற அதே குருட்டு வேலை, இங்கே கையுறையோடு.

கம்பெனிக்காரர்கள் யோக்கியமா? 2014 ஆகஸ்ட் 25-ம் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்று, இந்தியப் போட்டி ஆணையம் அன்றைக்கு 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அந்த வழக்கு ஆரம்பித்தது ஒரே ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரில்! கம்பெனிகள் சும்மா இருக்குமா? அப்பீல், கோர்ட் என்று படியேறின. 2022 டிசம்பர் 24 அன்று, மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' என்று ஓர் இணையதளத்தையே திறந்தது. ரிப்பேர் செய்வதற்கான விவரங்களைக் கம்பெனிகள் அதில் தர வேண்டும் என்பது நோக்கம். ஒரு மெக்கானிக்குக் கருவியும் விவரமும் கிடைப்பதே நாட்டின் ஆணையம் வரைக்கும் போக வேண்டிய விஷயமாக இருந்தால், புதுப்பேட்டைச் சந்தில் ஒருவர் குத்துமதிப்பாக வேலை பார்ப்பதில் என்ன ஆச்சரியம்? கண்ணைக் கட்டிவிட்டு, 'ஏன் தடுமாறுகிறாய்?' என்று கேட்பது நியாயமா?

ஆனால், ஒன்று. கண் கட்டியிருக்கிறது என்பதற்காக, 'எல்லாம் தெரிகிறது' என்று சொல்லலாமா? 'எனக்குத் தெரியலை சார், வேற ஆளைப் பாருங்க' என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வருகிறது? அதைச் சொல்லாமல், 'செட் ஆயிடும்' என்று அனுப்புகிறாரே, அங்கேதான் அவர் மேல் எனக்குக் கோபம்.

அதனால், இனிமேல் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்.

வண்டியை விடுவதற்கு முன்பே மைலேஜை அளந்து எழுதி வையுங்கள். டேங்க்கை ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறியுங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில், அதே மாதிரி முதல் கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் நம்பலாம். 'ஐநூறுக்குப் போட்டேன், ரெண்டு நாள் வந்துச்சு' என்பதெல்லாம் கணக்கில்லை, ஜோசியம். ரிப்பேருக்கு முன் எழுதிய எண் இல்லையென்றால் உங்கள் கட்சி பாதி தோற்றது.

வண்டி திரும்பி வந்ததும், கழற்றிய பழைய பொருட்களைக் கேட்டு வாங்குங்கள். தெர்மோஸ்டாட் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புதுசு பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். பழசு வெளியே, பில்லில் புதுசு இல்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது!

டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடிப்பு, அலைன்மென்ட்... காசு அதிகம் ஆகாத விஷயங்களை முதலில் பாருங்கள். பொருளை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ''எதை அளந்து இதைச் சொல்றீங்க?'' எண் சொன்னால் மாற்றுங்கள். 'அனுபவத்துல சொல்றேன்' என்றால் வணக்கம் சொல்லுங்கள்.

பில் வாங்குங்கள். பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சேவையில் குறைபாடு என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் போடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. 'பில்லு போட்டா ஜி.எஸ்.டி. வரும் சார், வேணாமே' என்று குழைவார்கள். நாமும் தலையாட்டுவோம். அந்த மிச்சத்துக்காக, கேள்வி கேட்கிற உரிமையையே விற்றுவிட்டு வருகிறோம்.

கடைசியாக, முக்கியமான விஷயம். கோளாறைக் கண்டுபிடித்தவருக்கு அதற்கென்று தனியாகக் காசு கொடுங்கள். பேரம் பேசாமல் கொடுங்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பாமல், 'இதுல ஒண்ணும் மாத்த வேண்டாம் சார், இந்த ஹோஸ்தான் கழண்டிருக்கு' என்று சொல்கிற மெக்கானிக், உங்களுக்கு இருபதாயிரம் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அவர் கையில் நூறு ரூபாயைத் திணித்து, 'டீ சாப்பிடுங்க' என்று சொல்லிவிட்டு வந்தால், அடுத்த வண்டிக்கு அவரும் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவார். மாற்றாமல் என்ன செய்வார்? அவருக்கும் பிள்ளைகள் படிக்கின்றன.

அந்தக் கால்டாக்ஸி தம்பிக்கு வேலை பார்த்த பெரியவர் இன்றும் அதே சின்ன ஷெட்டில்தான் இருக்கிறார். 22,000 வாங்கிய ஒர்க்‌ஷாப் பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பெரிதாகிவிட்டது. இதை இப்படியே விட்டால், இன்னும் பத்து வருஷத்தில் அளந்து பார்க்கிற பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். மாற்றிப் பார்க்கிறவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

அதுவும் செட் ஆயிடும் என்கிறீர்களா?